வயற்காவல் முடிந்த பிறகும் வராத நித்திரை

கேள்வி கேட்டவர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் நெல் செய்கிறார்; பகலில் முல்லைத்தீவில் அலுவலக வேலை. காலபோகப் பயிர் குடலைப் பருவத்துக்கு வந்த நாளிலிருந்து வெட்டு முடியும் வரை, யானைக்கும் பன்றிக்குமாக, தம்பியோடு முறை வைத்து ஓர் இரவு விட்டு ஓர் இரவு காவல் கொட்டிலில் விழித்திருந்திருக்கிறார். நெல்லை மூட்டை கட்டி ஐந்து வாரமாகிவிட்டது. இன்றும் ஒன்பதரைக்குப் படுத்தால் ஒன்றரை மணி வரை கண் மூடுவதில்லை என்றும், மாட்டைப் பார்த்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு எட்டரைக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டியிருப்பதால் ஐந்தரைக்கு எழும்பியே ஆகவேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது மணி வரை படுத்து அந்தக் கடனை அடைப்பதாகவும், நாளொன்றுக்கு ஆறு தேநீர் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறார். படுக்கும் நேரத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர என்ன வழி, நித்திரைக் குளிசை எடுக்கலாமா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

முதற்கேள்விக்கு என் பதில், படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான். படுப்பது நம் கையில் இருக்கிறது, நித்திரை நம் கையில் இல்லை. எழும்புவதோ முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே பிடிக்கக்கூடிய முனையைப் பிடிக்க வேண்டும். எழும்பும் நேரத்தையும், எழும்பிய பின் கண்ணில் படும் வெளிச்சத்தையும் மூன்று வாரம் விடாமல் ஒழுங்காக வைத்திருந்தால், படுக்கும் நேரம் அதன் பின்னால் வரும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, வராத நித்திரையை ஒன்பது மணிக்கே போய்ப் படுத்து வரவேற்கக் காத்திருந்து, மேலும் விழிப்பாகிறார்கள். மருத்துவத் துறையில் நெடுங்காலம் வேலை செய்த நானும் ஒரு காலபோகத்துக்குப் பிறகு இதே பிழையை மாதக்கணக்கில் செய்திருக்கிறேன் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நித்திரையை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் நித்திரைப் பாரம். அடினோசின் என்ற பொருளுக்கு இதில் முக்கிய பங்கு உண்டு. நித்திரை கொள்ளும்போது இந்தப் பாரம் கரைகிறது. மற்றது உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, நெல்மணியளவும் இல்லாத இரண்டு நரம்பணுத் திரள்கள் அதை ஓட்டுகின்றன. அதன் பற்சக்கரங்கள் மரபணுக்களில் எப்படிச் சுழல்கின்றன என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஈயிலும் நம்மிலும் ஒரே வகையாக ஓடும் அவ்வளவு பழைய பொறி அது. 'நாளை வேலை இருக்கிறது, படு' என்ற புத்திமதி அதன் காதில் ஏறாது.

மனிதரில் இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று, சராசரியாக 24 மணித்தியாலத்தை விடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீளம். கேட்பாரின்றி விட்டால் அது நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். பிந்திப் படுக்கப் பழகுவது எவருக்கும் இரண்டு நாள் வேலையாகவும், முந்திப் படுக்கப் பழகுவது வாரக்கணக்கான வேலையாகவும் இருப்பது இதனால்தான். அந்தப் பிந்தலை ஒவ்வொரு நாளும் திருத்தி வைப்பது கண்ணில் விழும் காலை வெளிச்சம். கொட்டிலில் ரோச் லைட் அடித்து இரவைக் கழித்துவிட்டு, ஓய்வு நாள் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்த அந்தக் காவல் காலத்தில், உங்களுடைய கடிகாரத்துக்குத் திருத்தம் கிடைக்கவில்லை.

வன்னியில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தி, அதே ஆண்டில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதி பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, இரு பகுதிக்கும் இடைப்பட்ட ஓமந்தையைக் கடப்பவர் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டியிருந்தது. நேரம் கேட்டால் பழைய நேரமா புதிய நேரமா என்று திருப்பிக் கேட்டார்கள். உடம்பு இரண்டு பக்கத்திலும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தது.

இனி உங்கள் கணக்கு. இரவில் உடற்சூடு படிப்படியாக இறங்கி, ஒருவர் தாமாகவே விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் மிகக் கீழே போகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் பலத்த வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன் படுவது பின்னுக்குத் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தாமாக எழும்புகிறீர்கள் என்றால், உங்களுக்கு அந்தப் புள்ளி இப்போது காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. ஆகவே அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி எல்லா விளக்கையும் போட்டு உட்காருங்கள் என்று எவராவது சொன்னால், நல்ல மனதோடு சொன்ன அந்த யோசனை உங்கள் நிலையில் எதிர்மாறாக வேலை செய்யக்கூடும். முதல் வாரம் ஏழு மணிக்குப் பிந்திய வெளிச்சமே போதும். கடிகாரம் முந்த முந்த, வெளிச்சத்தையும் முந்திக்கொள்ளுங்கள்; காலபோக வெட்டுக்குப் பிந்திய இந்த நாட்களில் சூரியன் ஆறு மணி இருபது நிமிடத்தை ஒட்டித்தான் எழுகிறது, மூன்றாவது வாரத்தில் அதனோடு சேர்ந்தே முற்றத்தில் நிற்கலாம்.

வெளிச்சம் என்பது எவ்வளவு என்று கேட்டால், வீட்டுக்குள் கிடைப்பது கணக்கிலேயே வராது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; ரியூப் லைட் எரியும் அலுவலக அறையில் அது ஐந்நூறைத் தாண்டுவது அரிது. மப்பாக இருக்கும் காலையிலும் வெளியில் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயில் ஏறிவிட்டால் அது பல பத்தாயிரம். அரை மணித்தியாலம் வெளியில் நின்றால் போதும், சூரியனை நேரே பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. உங்களுக்கு மோட்டார் சைக்கிள் பயணமே இந்த மருந்தைத் தருகிறது, ஆனால் ஹெல்மெட்டின் முன்கண்ணாடி கறுப்பு என்றால் பெரும்பகுதி வெளிச்சம் அங்கேயே தடைப்பட்டுவிடும். தெளிந்த கண்ணாடிக்கு மாற்றுங்கள். இந்தப் பதிலில் பணம் செலவாகும் யோசனை இது ஒன்றுதான்.

கடிகாரம் பிந்தியது பாதிக் கதை. மற்றப் பாதி கட்டிலில் இருக்கிறது. காவல் கொட்டிலில் கிடப்பவர் நித்திரை கொள்வதில்லை, காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். கரையில் ஒரு கொப்பு முறியும் சத்தம், தண்ணீரில் கனமான கால் இறங்கும் சத்தம், பக்கத்து வயற்காரர் தகரம் தட்டும் சத்தம், எங்கோ தூரத்தில் யானை வெடி. இவற்றுக்கெல்லாம் ஒரு கணத்தில் எழும்பும்படி உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறார். படுத்தால் விழிப்பாக இரு என்பதே அந்தக் காவல் காலப் பாடம். நான் காவலிருந்த ஆண்டில், வெட்டு முடிந்து வீட்டுக்குள் படுத்த பிறகும், காய்ந்த பனையோலை ஒன்று தகரக் கூரையில் சரசரவென்று இறங்கியபோது, எழும்பி நின்று இருட்டில் ரோச் லைட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். லைட் கிடைத்த பிறகே நிற்பது வீட்டுக்குள் என்று விளங்கியது. அதற்குமேல், நித்திரையின்றி நான்கு மணித்தியாலம் புரளும் ஒவ்வோர் இரவும், கட்டில் என்பது புரளும் இடம் என்று அதே பாடத்தை உறுதிப்படுத்துகிறது.

இந்தப் பழக்கத்தை உடைக்க ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972 இல் வகுத்த முறையை விடச் சிறந்ததை நான் காணவில்லை. கண் சொருகினால் மட்டும் கட்டிலுக்குப் போங்கள். இருபது நிமிடமளவில், கடிகாரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகவே, நித்திரை வரவில்லை என்று தெரிந்தால் எழும்பி வெளியே வந்துவிடுங்கள். விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, மங்கலான விளக்கில், சுவாரசியமில்லாத ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்; பழைய பத்திரிகை வாசிக்கலாம், பயற்றங்காய் விதை பொறுக்கலாம். மீண்டும் கண் சொருகும்போது உள்ளே போங்கள். ஓர் இரவில் ஐந்து முறை இப்படி நடக்க நேர்ந்தாலும் நடவுங்கள். கட்டிலில் கிடந்து கணக்குப் பார்ப்பது, போன் பார்ப்பது, நாளைய வேலையை யோசிப்பது எல்லாம் கதிரையில் நடக்கட்டும். முதல் நான்கைந்து நாள் இது தண்டனை போலத் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1987 இல் விளக்கிய, படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறை. நீங்கள் எட்டு மணித்தியாலம் கட்டிலில் கிடந்து நான்கு மணித்தியாலம் நித்திரை கொள்கிறீர்கள். அந்த நான்கையே பரப்பி எட்டாக்கப் பார்ப்பதால் அது மெலிகிறது. எழும்பும் நேரத்தை ஐந்தரையில் ஆணி அடித்தது போல நிறுத்திவிட்டு, படுக்கும் நேரத்தை நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தள்ளிப் போடுங்கள். ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம். நித்திரைப் பாரம் கூடும். சில நாளில் படுத்தவுடன் கண் மூடத் தொடங்கும். கட்டிலில் கிடக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில், நித்திரையாகவே கழிகிறது என்று மூன்று நான்கு நாள் தொடர்ந்து கண்டால், படுக்கும் நேரத்தைக் கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பன்னிரண்டிலிருந்து பத்தரைக்கு வர ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு நாள் என்றால் ஏறத்தாழ மூன்று வாரம். அங்கே ஏழு மணித்தியாலம் கிடைக்கிறது, வளர்ந்த ஒருவருக்கு வேண்டிய குறைந்த அளவு அது. ஒரு படியில் மீண்டும் விழிப்பு வந்தால் அந்தப் படியிலேயே இன்னும் சில நாள் நில்லுங்கள், பின்னுக்குப் போக வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறையின் முதல் இரண்டு வாரம் பகலில் கண் எரியும், தலை கனக்கும். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் காலையில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது இரண்டு செக்கன் கண் மூடினாலே போதும். அந்த நாட்களில் பேருந்தில் போங்கள், அல்லது பின்னால் ஏறிப் போக ஆளைப் பிடியுங்கள். வலிப்பு உள்ளவர்களும், மனநிலை மிகையாக ஏறி இறங்கும் இருதுருவ நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், பேருந்தோ லொறியோ ஓட்டிப் பிழைப்பவர்களும் இந்தச் சுருக்கும் முறையை மருத்துவரைக் கேட்காமல் கையில் எடுக்கக்கூடாது. அவர்களுக்கு வெளிச்சமும் எழும்பும் நேரமும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடயத்தில் உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது மணி வரை படுப்பதால் கடன் அடைவது போலத் தெரிந்தாலும், அன்றிரவு நித்திரைப் பாரம் மூன்றரை மணித்தியாலம் குறைவாகச் சேர்ந்திருக்கும், காலை வெளிச்சமும் தவறியிருக்கும். திங்கட்கிழமை காலை உங்களுக்குப் பொல்லாததாக இருப்பது இதனால். ஐந்தரைக்கு ஞாயிறு மட்டும் ஒரு மணித்தியாலம் விலக்குத் தரலாம், ஆறரைக்கு மேல் படுக்க வேண்டாம். பதிலாக, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, மூன்று மணிக்கு முன், இருபது இருபத்தைந்து நிமிடம் கண் அயருங்கள். அலாரம் வைத்து எழும்புங்கள், ஒரு மணித்தியாலம் போய்விட்டால் ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழும்பிய மந்தம் பின்னேரம் வரை விடாது. சிவராத்திரிக்கோ வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஓர் இரவு விழிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. மறுநாளும் வழக்கமான நேரத்தை ஒட்டியே எழும்பினால் சரி.

ஆறு தேநீரைப் பற்றி. தேயிலையிலுள்ள கஃபீன் அடினோசின் போய் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது; பாரம் குறையவில்லை, பாரம் தெரியாமல் போகிறது. பெரும்பாலானவர்களின் உடம்பில் அதன் பாதி கழிய ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த கடும் சாயத்தின் பாதி, இரவு பத்துக்கும் உங்களோடு இருக்கிறது. ஆறையும் குடியுங்கள், ஆனால் மத்தியானத்துக்குள் குடித்து முடியுங்கள். பின்னேரத்துக்கு மல்லித் தண்ணீரோ இஞ்சித் தண்ணீரோ போதும். கள்ளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பவர்கள் உண்டு: அது முன்னிரவில் அமுக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

போனைப் பற்றி எல்லோரும் திரையின் நீல வெளிச்சத்தையே பேசுகிறார்கள். பகலில் போதிய வெயில் கண்டவரை இரவுத் திரையின் வெளிச்சம் அவ்வளவாகக் குழப்புவதில்லை. அதில் வரும் சங்கதிகளே கூடுதலாகக் குழப்புகின்றன என்பது என் எண்ணம். நம் வீடுகளில் அதன் பெரிய வடிவம் வெளிநாட்டு அழைப்பு. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்தால் இங்கே இரவு பத்தரை, அங்கே கோடைகாலத்தில் ஒன்பதரை. காணி, கோயில் திருவிழா, அம்மாவின் பிரஷர், யார் யாரோடு கோபம் என்று ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு வைத்தால், அவர் வேலைக்குத் திரும்புவார், நீங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். அவருக்கு இரவு எட்டு அல்லது ஒன்பது மணியாக இருக்கும்போது இங்கே காலை ஆறரை. அழைப்பை அந்த நேரத்துக்கு மாற்றி, முதல் வாரம் விறாந்தையிலும் பிறகு முற்றத்தில் நடந்துகொண்டும் பேசுங்கள். என் வீட்டில் இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது.

வெக்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். உடற்சூடு இறங்கும்போதே நித்திரை பிடிக்கிறது. தகரம் அல்லது சீற் போட்ட வீடு பங்குனி சித்திரையில் நள்ளிரவு வரை சூட்டை விடாது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு முன் குளித்துவிட்டு, முடிந்தால் நுளம்பு வலையோடு விறாந்தையில் படுங்கள்.

இரண்டாவது கேள்வி குளிசை. டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளை மருத்துவர் எழுதினால் ஒன்றிரண்டு வாரத்துக்கு எடுக்கலாம். அதற்கு மேல் போனால் உடம்பு பழகி, விட்டவுடன் முன்னையிலும் மோசமாக விழிக்க வைக்கும். மருந்துக்கடையில் தடிமனுக்குத் தரும் குளிசையை நித்திரைக்காக விழுங்கும் வழக்கமும் இருக்கிறது. அதன் மயக்கம் மறுநாள் காலை வரை நீளும், அந்த மயக்கத்தோடு வீதியில் ஓட வேண்டியவர் நீங்கள். இரவில் மூளையில் சுரக்கும் மெலற்றோனின் என்ற பொருளின் குளிசை கடிகாரத்தை நகர்த்தக்கூடியது என்றாலும், எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் அதன் பலன் இருக்கிறது, அதையும் மருத்துவர் சொல்லியே எடுக்க வேண்டும். உங்கள் கோளாறு பழக்கத்தில் வந்தது, பழக்கத்திலேயே தீரக்கூடியது. நான் குளிசையில் தொடங்கமாட்டேன்.

வேறு வகை நித்திரையின்மையும் நம்மிடையே நிறைய இருக்கிறது. 2009 போரைக் கடந்து வந்தவர்களில் சிலர், சத்தமே இல்லாத இரவிலும் திடுக்கிட்டு விழித்து, வியர்த்து, மீண்டும் கண்ணை மூடப் பயப்படுகிறார்கள். அதற்கு மேலே சொன்ன எதுவும் போதாது. அது காலையில் முற்றத்தில் நிற்பதால் தீரும் விடயம் அல்ல. மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறார் என்று வீட்டுக்காரர் சொன்னாலும், வாரத்தில் மூன்று இரவாவது என்ற கணக்கில் மூன்று மாதம் நித்திரையின்மை நீடித்தாலும், மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் செய்து நித்திரை சீராகும்போது, சிறுபோகம் வந்துவிடும், மீண்டும் காவல். அங்கேதான் ஒரு மாற்றம் செய்யச் சொல்கிறேன். ஓர் இரவு முழுக்க விழிப்பு, மறு இரவு முழுக்க நித்திரை என்ற உங்கள் முறை நியாயமான பங்கீடாகத் தெரிந்தாலும், கடிகாரத்தை இதைவிடக் குழப்பும் முறை இல்லை. மான்செஸ்டரில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980 களில் காட்டியது, மீதி நித்திரை எப்போது கிடைத்தாலும், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நான்கு மணித்தியாலம் கிடைத்தால் அது நங்கூரம் போலக் கடிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை. ஆகவே இரவுகளைப் பங்கிடாமல், ஒவ்வோர் இரவையும் பங்கிடுங்கள். அலுவலகம் போகும் நீங்கள் எப்போதும் முன்னிரவு: இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை. பிறகு கொட்டிலிலேயே பஞ்சு அடைத்த காதோடு ஐந்தரை வரை நித்திரை, மத்தியானம் இருபது நிமிடம். தம்பி ஏழு மணிக்கே படுத்து நள்ளிரவுக்கு எழும்பட்டும். பகலில் அவருக்கு மேலும் ஒரு நித்திரை கிடைக்கும். யானை வந்தால் அவர் உங்களைத் தட்டி எழுப்புவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பஞ்சு வேலை செய்யும். அதனால் யார் எந்த வரப்பைப் பார்ப்பது, வெடி யார் கையில், எந்த நிலையில் மற்றவரை எழுப்புவது என்பதையெல்லாம் குளத்தில் தண்ணீர் திறப்பதற்கு முன்னரே இருவரும் இருந்து பேசி முடித்துவிடுங்கள்.